எந்தக் கைக்கு எந்தச் சக்கரம்?

ஒரகடம், வல்லம் வடகால், மாத்தூர், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலைக்கு வந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் கியர் சைக்கிள் வாங்குகிற தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர். கடையில் புதிதாக எடுப்பவர்கள் உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டு இன்ஜினியரிடம் பாதி விலைக்கு வாங்குபவர்களும் உண்டு. சாயங்காலம் என் பட்டறை பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் டயர், கியர், சஸ்பென்ஷன் என்று எல்லாவற்றையும் பற்றிக் கேட்பார்கள். எந்த லிவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காததால் நானே சொல்கிறேன். பிரேக் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் பேச்சு, கொஞ்சம் நீளும்.

1. எந்தச் சைக்கிளானாலும் ஏறுவதற்கு முன்னால் பார். பக்கத்தில் நின்று ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள். வலது லிவரை மட்டும் இறுக்கி, சைக்கிளை முன்னால் தள்ளு. பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வலது முன் பிரேக். பின்சக்கரம் உருளாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தால் வலது பின் பிரேக். ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஏலகிரியில் வாடகைக்கு எடுத்தாலும் சரி, ரூம் நண்பனிடம் ஒரு ரவுண்டு கேட்டு வாங்கினாலும் சரி, இதைச் செய்யாமல் காலைத் தூக்கிப் போடாதே.

2. நம் ஊர் வழக்கம் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியாவிலும் இதேதான். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு சைக்கிள் பாதுகாப்பு விதிகளில் வலது கை முன் சக்கரத்துக்கு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நேர் எதிர்: இடது முன், வலது பின். அங்கேயும் விதி உண்டு. ஆனால் வாங்குகிறவர் கேட்டுக்கொண்டால் மாற்றிக் கொடுக்கலாம் என்று அந்த விதியே இடம் விடுகிறது. ஜெர்மனியிலும் பெரும்பாலும் இடதுதான் முன். சைக்கிளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210 இந்தச் சண்டைக்குள் தலையிடவில்லை. விற்கிற நாட்டின் சட்டம், வழக்கம் எதுவோ அதன்படி வை என்று ஒதுங்கிக்கொண்டது. ஆகையால் வெளிநாட்டுக்காரரிடம் வாங்கிய சைக்கிளில் லிவர் மாறியிருந்தால் அது பழுது இல்லை, அவர் ஊர் வழக்கம்.

3. ஏன் இப்படி என்று கேட்பாய். சாலையில் இடதுபுறம் ஓட்டுகிற நாட்டில் வலதுபக்கம் திரும்பும்போது வலது கையை நீட்டிக் காட்ட வேண்டும். அப்போது ஹேண்டில் பாரில் மிச்சமிருப்பது இடது கை. ஒற்றைக் கையால் பிடிக்கும்போது முன் பிரேக்கைவிடப் பின் பிரேக் ஆபத்தில்லாதது, அதனால் இடது பின்னுக்கு ஒதுக்கப்பட்டது என்பார்கள். வலதுபுறம் ஓட்டுகிற நாட்டுக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள். காரணம் கேட்க நன்றாக இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் சர்வீஸ் ரோட்டில் கை காட்டித் திரும்புகிறவனை நான் பார்த்தது அபூர்வம் என்பதால் எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

4. நீ நிற்கிற இந்த ஊர் பூராவும் இடது வலது வேலைதான் நடக்கிறது, கவனித்திருக்கிறாயா? இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை திறந்தார்கள். உள்ளூருக்கு ஸ்டியரிங் வலதுபக்கம் வைத்த கார், ஏற்றுமதிக்கு இடதுபக்கம் வைத்த கார், இரண்டும் இந்தப் பகுதியிலிருந்து துறைமுகத்துக்கும் ஷோரூமுக்கும் போகின்றன. ஸ்டியரிங் பக்கம் மாறும், டேஷ்போர்டு மாறும், வைப்பர் துடைக்கிற திசை மாறும். பெடல் வரிசை மட்டும் மாறாது. எந்த நாட்டுக்குப் போகிற கார் ஆனாலும் இடமிருந்து கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர். கை எந்தப் பக்கம் போனாலும் காலுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று கார் உலகம் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. மோட்டார் சைக்கிளிலும் முடிவு கட்டியாயிற்று: உலகம் முழுக்க வலது கை முன் பிரேக். சைக்கிள் மட்டும்தான் இன்னும் பஞ்சாயத்தில் இருக்கிறது.

5. மோட்டார் சைக்கிளிலும் அது லேசில் முடிந்த பஞ்சாயத்து இல்லை. பழைய புல்லட் ஓட்டிய பெரியவர் யாரையாவது கேள். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்திலிருந்து இரண்டாயிரத்துக்குப் பிறகும் சில வருஷம் வரை, திருவொற்றியூரில் செய்த புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மற்ற மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். அமெரிக்கா 1970களின் நடுவிலேயே கியர் இடதுபக்கம்தான் இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டது. நம் புல்லட் அதற்குப் பிறகும் பல வருஷம் தன் வழியில் போனது. புல்லட் ஓட்டிப் பழகிய ஆள் தம்பியின் யமஹாவில் ஏறினால், பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். யமஹாக்காரன் புல்லட்டில் ஏறினால் கியரைக் குறைக்கப் போய்ப் பிரேக்கை மிதிப்பான். அப்போதெல்லாம் புல்லட்டை இரவல் கொடுக்கும்போது சாவியோடு சேர்த்து, "கால் மாத்தி இருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்துக்கும் 2017இல் வல்லம் வடகாலுக்கும் வந்தது. இன்று அங்கே லைனில் நிற்கிற உனக்கு அந்தப் பழைய வண்டி கதையாகத்தான் தெரியும்.

6. இது எல்லாவற்றிலும் முக்கியம், மெதுவாகப் படி. மோட்டார் சைக்கிளில் உன் இடது கைக்குப் பழக்கியிருப்பது கிளட்ச். அவசரத்தில் கிளட்ச்சை அளந்து பிடிக்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. நாய் குறுக்கே வந்தால் இடது கை ஒரே இறுக்காக முழுதும் இறுக்கும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. எஞ்சின் சக்கரத்தை விட்டு விலகும், அவ்வளவுதான். வலது கைக்குப் பழக்கியிருப்பது வேறு: முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பிடிப்பது. இரண்டு கைக்கும் இரண்டு குணம் வந்துவிட்டது.

இப்போது இடதில் முன் பிரேக் வைத்த சைக்கிளில் ஏறு. கம்பெனி பஸ் இறங்குகிற இடத்தில் அதே நாய் குறுக்கே வருகிறது. கிளட்ச் கை தன் பழக்கப்படி முழுதும் இறுக்குகிறது. அங்கே கிளட்ச் இல்லை, 160 மில்லிமீட்டர் டிஸ்க் இருக்கிறது. முன்சக்கரம் நிற்கிறது, நீ நிற்பதில்லை. ஹேண்டில் பாரைத் தாண்டிப் போய்க் கையை ஊன்றுவாய். காறை எலும்பு போய்விட்டால் வாரக்கணக்கில் ஷிப்ட் கிடையாது, கான்ட்ராக்ட் ஆள் என்றால் சம்பளமும் கிடையாது.

"எனக்கு எந்தப் பக்கம் எது என்று நன்றாகத் தெரியும் அண்ணே" என்பாய். உனக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. நிதானமாக இருக்கும்போது நீ யோசித்துப் பிடிக்கிறாய். அவசரத்தில் கை உன்னைக் கேட்டுக்கொண்டு இருக்காது.

7. ஸ்கூட்டி ஓட்டுகிற தங்கச்சிக்கும் இதே கதை, வேறு வழியில். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வலது லிவர் முன், இடது லிவர் பின். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு இணைந்த பிரேக் கட்டாயம். ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இடது லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அதனால் பலர் இடது கையை மட்டுமே நம்பி ஓட்டப் பழகிவிட்டார்கள். அந்தக் கை, இடதில் முன் பிரேக் உள்ள சைக்கிளில் என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம்.

8. ஆகவே வாரத்தில் ஆறு நாள் பைக்கிலோ ஸ்கூட்டரிலோ கம்பெனிக்குப் போய், ஞாயிறு மட்டும் சைக்கிள் எடுக்கிற ஆள் நீ என்றால், உன் சைக்கிளிலும் வலது முன்னாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்று.

9. மாற்ற வேண்டாதவர்களும் உண்டு. வண்டி எதுவும் ஓட்டாமல், பல வருஷம் இடது முன் சைக்கிளிலேயே பழகிய கை என்றால் அப்படியே விடு. இரண்டு சைக்கிள் வைத்திருப்பவர் இரண்டையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் போதும். ஊர் வழக்கம் என்பதற்காக மட்டும் யாரும் நன்றாக ஓடுகிற பிரேக்கைப் பிரிக்கக் கூடாது.

10. "முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம், பின் பிரேக் மட்டும் போதும்" என்று அப்பா சொல்லிக் கொடுத்திருப்பார். கம்பி பிரேக் போட்ட பழைய சைக்கிளுக்கு அது ஓடியது. கணக்கைப் பார். காய்ந்த தார்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறாய். பின் பிரேக் மட்டும் பிடித்தால், சக்கரம் தேயத் தொடங்கும் எல்லை வரை பிடித்தும், நிற்க சுமார் 14 மீட்டர் ஆகும். முன் பிரேக்கை ஒழுங்காகப் பயன்படுத்தினால் அதில் பாதி. பிரேக் பிடித்ததும் உடம்பு எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது, பாரம் இல்லாத சக்கரம் எதைப் பிடித்து நிற்கும்? வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் உனக்கு முன்னால் போகிற 40 அடி கன்டெய்னரின் நீளம் 12 மீட்டர். 14 மீட்டர் என்பது அந்தக் கன்டெய்னரைவிட நீளம் என்று வைத்துப் பார். இதில் நீ பார்த்து, புரிந்து, விரலை மடக்குகிற நேரம் இன்னும் சேரவில்லை.

11. கிராவல் மண்ணில் கணக்கு மாறும். ஏரிக்கரையிலும் கல்குவாரிக்குப் போகிற செம்மண் பாதையிலும் முன்சக்கரம் வழுக்கினால் பிடித்து நிறுத்த முடியாது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு, வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதே. லாரி போகிற குவாரிப் பாதைக்குள் போகவே வேண்டாம் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

12. மாற்றுவது என்று முடிவானால், முதலில் உன் பிரேக் வயரா எண்ணெயா என்று பார். லிவரிலிருந்து வருவது இரும்பு வயர் என்றால் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்யலாம். எண்ணெய் என்றால் கருவிகள் வேண்டும், பொறுமை அதைவிட வேண்டும்.

13. வயர் பிரேக்கில் லிவரைக் கழற்ற வேண்டியதே இல்லை, வயரை மட்டும் இடம் மாற்றினால் போதும். சக்கரத்துப் பக்கம் வயரை இறுக்கியிருக்கும் போல்ட்டை 5 நம்பர் எல் கீ போட்டுத் தளர்த்து. லிவர் அருகில் கையால் திருகுகிற அட்ஜஸ்டர் இருக்கும். அதில் ஒரு வெட்டு, அதன் பூட்டு வளையத்தில் ஒரு வெட்டு, லிவர் உடம்பில் ஒரு வெட்டு. மூன்று வெட்டையும் ஒரே கோட்டில் கொண்டுவா, வயர் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்துவிடும். நுனியில் உள்ள ஈயக்குண்டை லிவரின் குழியிலிருந்து எடுத்து, எதிர் லிவரின் குழியில் உட்கார வை. அட்ஜஸ்டரைத் திருப்பி வெட்டுகளை மறுபடி கலைத்துவிடு. கலைக்க மறந்தால் ஒருநாள் வயர் தானே நழுவும்.

வயர் நுனி பிரிந்து நூல் நூலாக இருந்தால், துருப்பிடித்திருந்தால், அந்தச் சாக்கில் புதிது போட்டுவிடு. வயரின் மேலுறையான அவுட்டரின் நீளத்தைப் பார்: ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பு. அவுட்டர் எங்கேயும் இழுபடக் கூடாது, முறுகக் கூடாது, திருப்பும்போது பிரேக் தானாகப் பிடிக்கக் கூடாது. இழுபட்டால் அவுட்டர் குட்டை, நீளமாக வேறு வாங்கு. இரண்டு பழைய துண்டை ஒட்டுப்போடுகிற வேலை பிரேக்கில் வேண்டாம்.

14. சில சைக்கிளில் கியர் மாற்றுகிற பட்டனும் பிரேக் லிவரும் ஒரே துண்டாக வரும். அதில் லிவரைப் பக்கம் மாற்ற முடியாது, கியர் தலைகீழாகிவிடும். வயரை மாற்றலாம், தடையில்லை.

15. எண்ணெய் பிரேக்கில் லிவரையே கழற்றி எதிர்ப்பக்கம் போட்டால் போயிற்று என்று நினைப்பாய். ஸ்ராம் கம்பெனியின் பல லிவர்கள் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரி செய்தவை. கிளாம்பைக் கழற்றி இடம் மாற்றி, ஹோஸின் போக்கைச் சரிசெய்தால் முடிந்தது, எண்ணெயைத் தொட வேண்டாம். ஷிமானோ அப்படி இல்லை. இடதுக்குச் செய்தது இடதுக்குத்தான். வலதில் மாட்டினால் எண்ணெய்த் தொட்டி தலைகீழாகத் தொங்கும், தொட்டியிலுள்ள காற்று ஹோஸுக்குள் போகும். நாலு நாள் பிடிக்கும், ஐந்தாம் நாள் ஏமாற்றும். உன் லிவர் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். கையேட்டைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடு.

16. இந்த ஊர்க்காரர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. இங்கே தெருவுக்குத் தெரு ஆட்டோமொபைல் கடை. எல்லாக் கடையிலும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் சின்னப் பாட்டிலில் தொங்கும். கார் பிரேக்கும் பைக் பிரேக்கும் நீயே செய்கிற ஊர், அதனால் பிரேக் ஆயில் என்றால் கை அங்கேதான் போகும். ஷிமானோவுக்கும் டெக்ட்ரோவுக்கும் வேண்டியது மினரல் ஆயில். அதில் டாட் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் உப்பிப்போகும், லிவர் திரும்பி வராது. ஸ்ராமில் பெரும்பாலான மாடல்களுக்கு டாட் 5.1, புதிய சில மாடல்களுக்கு மினரல். அங்கே மாற்றி ஊற்றினாலும் கதை அதேதான். ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது. தொட்டி மூடியிலோ லிவர் உடம்பிலோ எது என்று எழுதியிருக்கும். டாட் ஆயில் பெயிண்டைத் தின்னும், திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். போன வருஷம் திறந்த பாட்டில் இந்த வருஷத்துக்கு ஆகாது.

17. ஷிமானோ மாதிரி லிவரில் ஹோஸைத்தான் மாற்ற வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் நீளத்தைப் பார்: பழைய இடத்திலிருந்து புது லிவர் வரை ஹோஸ் தாராளமாகப் போகிறதா, ஹேண்டில் பாரை முழுதாகத் திருப்பினாலும் போகிறதா? முன் காலிப்பர் ஃபோர்க்கின் இடது காலில் இருக்கும். வலது லிவரிலிருந்து வருகிற ஹோஸ் முன்னால் சுற்றி அதில் இறங்குவது பெரும்பாலும் அழகாகவே அமையும். தகராறு வந்தால் பின் ஹோஸில்தான் வரும், அதுவும் ஃபிரேமுக்குள்ளே போகிற ஹோஸில்.

லிவரில் ஹோஸ் நுழைகிற இடத்தில் ரப்பர் மூடி, அதைப் பின்னால் தள்ளு. உள்ளே 8 நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற நட்டு. கழற்றினால் ஹோஸ் நுனியில் ஒரு பித்தளை வளையம் நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஆலிவ் என்று பெயர். ஹோஸின் துளைக்குள் ஒரு சின்னக் குழாய் குத்தியிருக்கும், அது இன்சர்ட். அந்த ஆலிவ் ஒரு லிவரின் வாய்க்குள் ஒருமுறை நசுங்கிவிட்டது. அதைக் கொண்டுபோய் இன்னொரு லிவரில் இறுக்கினால் அன்றைக்கே கசியாமல் இருக்கலாம், மலை இறக்கத்தில் முழு பலத்தோடு பிடிக்கும்போது கசியும். நுனியை மட்டும் வெட்டி எறி. வெட்டு நேராக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடில் அறுத்தால் ஹோஸ் நசுங்கும், இன்சர்ட் சாய்ந்து இறங்கும். புது நட்டுக்குள் ஹோஸைக் கோர்த்து, புது ஆலிவ், புது இன்சர்ட் போட்டு, ஹோஸை லிவருக்குள் அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறுக்கு. ஷிமானோவுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். லைனில் தினமும் டார்க் ரென்ச் பிடிக்கிற கை உனது. வீட்டுக்கு வந்ததும் "கை கணக்கு போதும்" என்று சொல்லாதே.

18. அப்புறம் ஏர் எடுப்பது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டைகளை எடுத்து ஒரு பேப்பரில் சுற்றித் தள்ளி வை. கட்டை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தடுப்பை வை. லிவரைத் திருப்பி எண்ணெய்த் தொட்டி மட்டமாக இருக்கும்படி செய்து, மேலே புனலைப் பொருத்து. கீழே காலிப்பரில் ஊசிக்குழாயை மாட்டி எண்ணெயை மேல்நோக்கித் தள்ளு. காற்று மேலே ஏறும் சாதி, அதை மேலேயே அனுப்பு. ஹோஸை விரலால் தட்டிக்கொடு, குமிழி ஒட்டிக்கொண்டிருக்கும். புனலில் குமிழி வருவது நிற்கிற வரை விடாதே. முடித்துவிட்டு லிவரைப் பிடித்துப் பார். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, மறுபடி செய். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் சைக்கிளைக் கொடுக்காதே.

19. எண்ணெய் ஒரு சொட்டு கட்டையில் பட்டாலும் கட்டை போயிற்று. சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்கள், அடுப்பில் காட்டுகிறவர்கள் எல்லாம் உண்டு. நான் புதிது மாற்றுவேன். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடை. சக்கரம் வெளியே இருக்கும்போது லிவரைப் பிடிக்காதே, சின்னப் பிள்ளைகளையும் பிடிக்க விடாதே. இரண்டு கட்டையும் ஒட்டிக்கொண்டு டிஸ்க் உள்ளே நுழையாது.

20. லிவர் கிளாம்பை அளவாக இறுக்கு. ஷிமானோவின் பல மாடல்களில் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். அலுமினிய மரை, ஒருமுறை போனால் லிவரே போனது. விழும்போது லிவர் லேசாகச் சுற்றிக்கொடுப்பது நல்லது, உடையாமல் தப்பிக்கும்.

21. மாற்றி முடித்த அன்றைக்கு மெயின் ரோட்டுக்கு வராதே. ஞாயிறு காலையில் சிப்காட் உள்சாலைகள் காலியாக இருக்கும், அங்கே போ. முதலில் நடக்கிற வேகத்தில் ஒவ்வொரு லிவராகப் பிடித்துப் பார், ஒன்றாம் எண்ணில் சொன்ன சோதனையை மறுபடி செய். கட்டையோ டிஸ்க்கோ புதிதாக இருந்தால் மிதமான வேகத்திலிருந்து இருபது தடவைபோல் மெல்ல மெல்ல வேகம் குறைத்துப் பழக்கு. அப்போதுதான் கட்டை டிஸ்க்கில் படியும்.

22. சைக்கிளை மாற்ற ஒரு சாயங்காலம் போதும், கையை மாற்ற அத்தனை சீக்கிரம் முடியாது. டெஸ்டின் சாண்ட்லின் என்ற அமெரிக்க இன்ஜினியர் 2015இல் ஒரு யூடியூப் வீடியோ போட்டார். நீ பார்த்திருப்பாய். ஹேண்டிலை இடதுபக்கம் திருப்பினால் சக்கரம் வலதுபக்கம் போகிற சைக்கிள் அது. அதை ஓட்டக் கற்க அவருக்கு எட்டு மாசம் ஆனது, அவர் சின்ன மகனுக்கு இரண்டு வாரம். பழகிய பிறகு சாதாரணச் சைக்கிளில் ஏறியபோது அதை ஓட்டத் தடுமாறினார். பிரேக் மாற்றம் அத்தனை பெரிய காரியம் இல்லை. பைக் ஓட்டிய கைக்கு வலது முன் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான், சீக்கிரம் வந்துவிடும். ஆனால் இடது முன்னிலேயே ரொம்ப நாள் ஓட்டியிருந்தால், எல்லாம் பழகிவிட்டது என்று தோன்றிய பிறகும் திடீர் அவசரத்தில் பழைய கை எட்டிப் பார்க்கும். அதனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையின் 70 என்று திட்டம் போட்டிருந்தால் ஒரு மாசம் முன்னாலேயே மாற்று. புறப்படுகிற முந்தின ராத்திரி மாற்றுகிறவனை நான் என் பட்டறைக்குள் விடுவதில்லை.

23. பயிற்சிக்கு ஒரு வழி. காலியான சாலையில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடி. இடுப்பைப் பின்னால் தள்ளு, முழங்கையை லேசாக மடக்கு, வலது லிவரில் ஒற்றை விரல் அல்லது இரண்டு விரல். நிற்கிற தூரத்தைப் பார்த்துக்கொள். பின்சக்கரம் லேசாகப் பாரம் இழக்கிற அந்த நொடி எப்படி இருக்கிறது என்று உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகு வேகத்தைக் கூட்டு. ஹெல்மெட் இல்லாமல் இதைச் செய்தால் நான் சொல்லிக்கொடுத்தேன் என்று யாரிடமும் சொல்லாதே.

24. உன் சைக்கிள் ரூமில் நாலு பேருக்குப் பொது என்றால், மாற்றியதை நாலு பேருக்கும் சொல். முன் பிரேக் லிவரில் ஒரு சிவப்பு டேப் சுற்று. லைனில் எல்.எச்., ஆர்.எச். என்று பார்ட்டுக்குப் பார்ட் ஸ்டிக்கர் ஒட்டுகிற உனக்கு இது புதிதில்லை.

25. ராத்திரி 10 மணி ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஒரகடம் மேம்பாலத்தின் கீழேயும் சிங்கப்பெருமாள் கோயில் சாலையிலும் சைக்கிள் எடுக்காதே. பஸ் வரிசையாக வரும், எதிர்த்திசையில் பைக் வரும், லாரி டயர் உதிர்த்த மணல் ஓரத்தில் கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த மணலோடு டீசலும் சேரும். அங்கே எந்தக் கை எந்தச் சக்கரம் என்று யோசிக்கவே நேரம் இருக்காது.

26. கடையில் கொடுத்துச் செய்வதென்றால், "பிரேக் மாத்திக் கொடுங்க" என்று மொட்டையாகச் சொல்லாதே, கட்டையை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "இடது லிவரில் இருக்கிற முன் பிரேக் வலதுக்கு வரணும், ஆலிவும் இன்சர்ட்டும் புதுசு போடணும், ஏர் எடுக்கணும்" என்று சொல். எந்த எண்ணெய் ஊற்றப் போகிறார்கள் என்று கேள். பாட்டிலைக் காட்டச் சொல், கோபித்துக்கொண்டால் வேறு கடை பார். காசு கொடுப்பதற்கு முன்னால் கடை வாசலிலேயே வலது லிவரை இறுக்கிச் சைக்கிளை முன்னால் தள்ளிப் பார். பின்சக்கரம் எழும்ப வேண்டும். லிவரை ஒரு நிமிஷம் விடாமல் இறுக்கிப் பிடித்திரு, அது ஹேண்டில் பாரை நோக்கி மெல்ல இறங்கக் கூடாது. ஹோஸ் நட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார். ஈரம் இருந்தால் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வா.